ஜாமீன் கிடைச்சா எல்லாம் முடிஞ்சிருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போராட்டத்துல பெண்கள் கைதானா முதல் பக்கத்துல போட்டோவோட செய்தி வருது, அதுக்கப்புறம் அந்த கேஸ் எத்தன வருஷம் இழுக்குது, அவங்க வாழ்க்கை என்னாச்சுன்னு யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, அதான் எழுதுறேன்.

சுதா பரத்வாஜ் சத்தீஸ்கர்ல தொழிலாளிங்களுக்காக கேஸ் நடத்துன வக்கீல். 2018 ஆகஸ்ட்ல, மகாராஷ்டிராவுல நடந்த கலவரத்த வச்சுப் போட்ட பீமா கோரேகான் வழக்குல பிடிச்சாங்க, ஜாமீன் கிடைச்சது 2021 டிசம்பர்ல, அதுவும் மும்பைய விட்டுப் போகக்கூடாது, கேஸ் பத்தி மீடியாகிட்ட பேசக்கூடாதுன்னு கண்டிஷனோட. பேருதான் ஜாமீன், வேல செஞ்ச ஊருக்குத் திரும்ப முடியலையே. அதே வழக்குல நாக்பூர் பேராசிரியை ஷோமா சென் 2018 ஜூன்ல உள்ள போய் 2024 ஏப்ரல்லதான் வெளிய வந்தாங்க, அதுவரைக்கும் விசாரணையே ஆரம்பிக்கல. போலீஸ் சொல்றது மேலோட்டமா உண்மை மாதிரி தெரிஞ்சாலே ஜாமீன் தரக்கூடாதுன்னு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான யுஏபிஏவோட 43டி(5) பிரிவு சொல்லுது, அப்ப தீர்ப்புக்கு முன்னாடியே தண்டனை முடிஞ்சிருதே!

2020 டெல்லி கலவர வழக்குல யுஏபிஏல கைதான மாணவி நடாஷா நர்வால் திகார் ஜெயில்ல இருக்கும்போதே 2021 மே மாசம் அவங்க அப்பா கொரோனால இறந்துட்டார், இறுதிச் சடங்குக்குத்தான் வெளிய விட்டாங்க. அடுத்த மாசம் ஜாமீன் குடுத்த டெல்லி ஹைகோர்ட், போராடற உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நடுவுல உள்ள கோடு அரசாங்கத்துக்கு மங்கிட்டு வருதுன்னு சொல்லுச்சு. ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா அப்பா முகத்த உயிரோட பாத்திருப்பாங்க.

கூடங்குளம் பக்கத்துல இருக்கற நம்ம மீனவ ஊரு இடிந்தகரைய மட்டும் மறந்துட்டோமா? அங்க அணு உலைக்கு எதிரா பந்தல்ல உக்காந்தவங்கள்ல பாதிக்கு மேல பெண்கள், பீடி சுத்திக்கிட்டே உண்ணாவிரதம் இருந்தவங்க. வெளிநாட்டுப் பணம், யாரோ தூண்டிவிட்டாங்கன்னு அப்போதைய பிரதமர் வரைக்கும் பேசினாங்க. கடல் போனா அடுப்பெரியாதுன்னு அந்தப் பெண்களுக்கு வெளியாள் வந்து சொல்லித்தரணுமா? அந்தப் பழியக் கேக்கும்போதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது, அடி உதைய விட இது பெரிய அவமானம். 2012 செப்டம்பர்ல கடற்கரையில கண்ணீர்ப்புகை போட்டாங்க, ஆயிரக்கணக்கான பேர் மேல தேசத்துரோக கேஸ். வழக்குகள வாபஸ் வாங்க முயற்சி எடுங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2013 மே மாசமே சொல்லியும், பாஸ்போர்ட் கிடைக்காம பசங்க வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாம தவிச்சாங்க.

தயவுசெஞ்சு ஒரு நிருபர இடிந்தகரைக்கு அனுப்புங்க, அந்தப் பெண்கள்ட்டயே உக்காந்து கேட்டு, யார் யார் மேல இன்னும் என்னென்ன கேஸ் நிக்குதுன்னு எழுதுங்க, எஃப்ஐஆர்ல இருக்கறத மட்டும் செய்தியா போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி