புகார்: "எல்லா மானுக்கும் ஆகும்" என்று விற்ற .243 ரைஃபிள், பணம் திருப்பித் தரக் கோரி

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "தங்கள் செய்தி கிடைத்தது" என்ற ஒற்றை வரிதான் பதில்.

போன வசந்தத்தில் உங்கள் கடைக்கு வந்தபோது நான் கேட்டது 6.5×55 தோட்டா அளவுள்ள ரைஃபிள். என் வேட்டை இங்கிலாந்தில் கார்லைல் பக்கம் ரோ என்ற சிறு மான், குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தின் காலோவே மலையில் செம்மான் பிணை (பெண் மான்), நடுவில் நரி. எஸ்டேட்டில் ஈயம் கூடாது, செம்புக் குண்டுதான் என்றும் சொன்னேன். உங்கள் விற்பனையாளர்தான் "அது தாத்தா காலத்து காலிபர். .243 எடுங்க, எல்லாத்துக்கும் ஒண்ணே போதும். ஸ்காட்லாந்துலயே 2023-ல் மானுக்கான குண்டு எடையை 80 கிரெயினுக்கு இறக்கிட்டாங்க" (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) என்றார். அதை நம்பி உரிமத்தில் .243 என்றே எழுதி வாங்கி, செப்டம்பரில் 18 அங்குலக் குழல் ரைஃபிளை எடுத்துப்போனேன்.

இறக்கியது குண்டின் குறைந்தபட்ச எடையை மட்டும்தான் ஐயா! அங்கே செம்மானுக்குக் குண்டு குழலை விட்டு வரும்போது 1,750 அடி-பவுண்ட் ஆற்றல் வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. நீங்களே விற்ற 80 கிரெயின் தோட்டாப் பெட்டியில் விநாடிக்கு 3,150 அடி என்று போட்டிருக்கிறது. அது 24 அங்குலக் குழலில் அளந்தது. என் குழலில் வந்தது 2,960. கணக்குப் போட்டால் ஆற்றல் 1,557 அடி-பவுண்ட்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நவம்பரில் எஸ்டேட்டின் ஸ்டாக்கர் (மான் வேட்டைக்கு வழிகாட்டுபவர்) அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ரைஃபிளை உறையில் போடச் சொன்னார். 22 வருடமாக அந்த மலையில் சேர்த்த பெயர் அன்றோடு போயிற்று.

உங்கள் தொலைபேசிப் பெண்மணி சொன்னதை மறக்கவே முடியவில்லை: "சார், முதல்ல சுடக் கத்துக்கிட்டு வாங்க, அப்புறம் தோட்டாவைக் குறை சொல்லலாம்." நான் மானைப் பார்த்துச் சுடவே இல்லையே அம்மா, வேகத்தைத்தானே அளந்தேன்! பிறகு "அப்ப ரோ மானை மட்டும் சுடுங்க" என்று ஒரு யோசனை. நான் இருப்பது இங்கிலாந்துப் பக்கம். இங்கே ரோ மானுக்கும் 1,700 வேண்டும். ஆக மிச்சம் நரிதான். நரிக்கு இவ்வளவு விலையில் ஒரு ரைஃபிள்!

ஜனவரியில் நீங்களே கூப்பிட்டு, ரைஃபிளோடும் உரிமத்தோடும் சனிக்கிழமை வரச் சொன்னீர்கள். கொட்டும் மழையில் 110 மைல் ஓட்டி வந்தால், துப்பாக்கியைப் பார்க்கும் கன்ஸ்மித் விடுமுறையாம். "போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஒரு வாய் டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 15-ஓடு பிணை சீசனும் முடிந்துவிட்டது. தயவுசெய்து இனியாவது முடித்துக்கொடுங்கள். என்ன தேவைக்கு என்று நான் சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவவில்லை என்றால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் யார் பக்கம் என்பது உங்களுக்கும் தெரியும். 14 நாளில் முழுப் பணமும் வராவிட்டால் கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் போவேன். வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் எழுதுவேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வேறு வழி வைக்கவில்லை நீங்கள்.

ரைஃபிளை இங்கே ஊரில் உள்ள உரிமம் பெற்ற டீலரிடம் ஒப்படைக்கிறேன். அங்கிருந்து எடுத்துப்போகும் செலவு உங்களுடையது. அந்த 110 மைலை இனி நான் ஓட்டுவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

பி.கு.: 6.5×55-க்கு உரிமத்தை மாற்ற மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். ரைஃபிள் வேறு கடையில்.