அச்சு செய்வதற்கு முன்பே தெரிந்திருந்தால்

ஆசிரியருக்கு வணக்கம். சிறு ஆலைகளின் ஏற்றுமதி பற்றிய உங்கள் தலையங்கத்தில் வரி, கப்பல் கட்டணம் எல்லாம் வந்தது. சான்றிதழ் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களைத் தடுத்தது அதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எல்இடி விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் ‘டிரைவர்’ என்ற கருவியைச் செய்கிறோம். முதல் வெளிநாட்டு ஆர்டருக்காகப் அதன் புது உறையை வார்க்கும் அச்சும் செய்து முடித்த பிறகுதான் வாங்குபவர் சிபி அறிக்கை, அதாவது மின்பொருள் பாதுகாப்பானது என்று காட்டும் சர்வதேசச் சோதனை அறிக்கை, கேட்டார். அதற்காகச் சோதிக்கும் ஆய்வகத்தில், மனித விரல் போலவே மூட்டுகளோடு 12 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அது உறையின் ஓர இடைவெளிக்குள் நுழைந்து மின்சாரம் உள்ள முனையைத் தொட்டுவிட்டது. அச்சு வீண், ஆர்டரும் போனது.

அந்தச் சோதனையில் எனக்குக் குறையே இல்லை, அது ஒரு குழந்தையின் விரலாகவும் இருந்திருக்கலாம். 1906இல் தொடங்கிய ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பின் தரப்படி இங்கே ஒருமுறை சோதித்து வாங்கும் சிபி சான்றிதழை 50க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்கின்றன. அந்தந்த நாட்டுக்கென்று உள்ள சில கூடுதல் விதிகளை மட்டும் தனியாகக் காட்டினால் போதும், நாட்டுக்கு நாடு முதலிலிருந்து சோதிக்க வேண்டாம். சின்ன ஆலைக்கு இதைவிடப் பெரிய உதவி எது? ஆனால் இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை. அம்பத்தூரிலும் கிண்டியிலும் வாரம் ஒரு நாளாவது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அதிகாரி ஒருவர் உட்கார்ந்து, வரைபடத்தைப் பார்த்து, எந்தத் தரம், என்ன சோதனை என்று தமிழில் விளக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், அம்பத்தூர், சென்னை