முதலில் போய்க் கதவைத் தட்டு

தாராவி, மும்பை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டுவலி இப்போது கொஞ்சம் தேவலை. நீ போனில் சொன்ன விஷயம்தான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

மேல்வீட்டுக் குழந்தை ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓடுகிறது, நாற்காலியை இழுக்கிறது, மறுநாள் ஆபீசில் உனக்குக் கண் எரிகிறது என்றாய். வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் பார்த்தாயிற்று, இனி சொசைட்டி கமிட்டிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கப் போகிறேன் என்றாய். அந்த வீட்டுப் பெண்ணின் பேர் என்ன என்று கேட்டேன். நீ ஃபிளாட் நம்பரைச் சொன்னாய். புனே போய் இரண்டு வருஷம் ஆகிறது, உன் தலைக்கு மேலே குடியிருக்கிறவள் பேர் உனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் உன் பேர் தெரிந்திருக்காது. எனக்கு உறுத்துவது இதுதான்.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சட்டமும் உன் பக்கம் சாய்கிற மாதிரிதான் இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள், ஜனங்கள் குடியிருக்கிற இடத்தில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அந்த விதிகளை ஒலிபெருக்கி, ஹாரன், ஜெனரேட்டர் இதையெல்லாம் மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு சின்னக் குழந்தையின் ஓட்டத்தை எந்த மீட்டரை வைத்து அளப்பார்கள்? கமிட்டி ஒரு நோட்டீஸ் அனுப்பும். அதை வாசிக்கிற நிமிஷத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு நீ எதிரி. லிஃப்டில் உன்னைப் பார்த்தால் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். குழந்தை ஓடுவது மட்டும் நிற்காது.

சண்டையே போடாதே என்று சொல்ல வரவில்லை. பழைய சாலில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், நான் போடாத சண்டையா? ஒரே குழாய். விடியற்காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். எதிர்வீட்டு மராத்தியம்மாவும் (நாம் ஆயி என்று கூப்பிடுவோமே, அவர்தான்) நானும் அந்தக் குழாயடியில் பேசிக்கொண்டதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. அவர் மராத்தியில் கத்துவார், நான் திருநெல்வேலித் தமிழில் திருப்பிக் கொடுப்பேன். ஆனால் அந்தச் சண்டைகளிலிருந்துதான் எங்களுக்கு ஒரு முறை வந்தது. முதல் ஷிப்டுக்குப் போகிற ஆள் இருக்கிற வீட்டுக்கு முதல் குடம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அடுத்தது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர் வீட்டுக் குடத்தைப் பக்கத்து வீட்டுக்காரி பிடித்து வைத்துவிடுவாள். இதை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஒவ்வொருத்தியும் தன் அவசரம் என்ன என்று முகத்துக்கு நேரே கத்திச் சொன்னதால் மற்றவர்களுக்குத் தெரிய வந்தது.

சாக்கடைத் தகராறும் அப்படித்தான். நம் வீட்டில் துணி துவைக்கிற தண்ணீர் ஆயி வீட்டு வாசலில் போய்த் தேங்கியது. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். இரண்டு நாள் பேச்சு தடித்தது. மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு சின்ன சிமெண்டுத் திண்டு போட்டோம், செலவு ஆளுக்குப் பாதி. வார்டு ஆபீசுக்கு மனு எழுதியிருந்தால் அந்தத் தண்ணீர் இன்னமும் அங்கேயே தேங்கிக் கிடந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்திருப்போம்.

இந்தப் பழக்கம் எதற்கு உதவும் என்று கேட்டால், 2005 ஜூலை 26-ஐ நினைத்துப் பார். உனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு நிரம்பி ஊருக்குள் புகுந்தது. அப்பா குர்லாவில் மாட்டிக்கொண்டார், ராத்திரி முழுக்கத் தகவலே இல்லை. நான் வேலை பார்த்த மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டு, அவர்களை விட்டு நகர முடியாமல் நின்றேன். உன்னை உன் பள்ளிக்கூடத்திலிருந்து இடுப்பளவு தண்ணீரில் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது ஆயியின் மூத்த மகன். வாடகை விஷயமாக அப்பாவுக்கும் அவருக்கும் அப்போது பேச்சுவார்த்தையே இல்லை. ஆனாலும் நீ எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் படிக்கிறாய், அம்மா எங்கே வேலை பார்க்கிறாள், அப்பா எத்தனை மணிக்கு வருவார், எல்லாம் அவருக்குத் தெரியும். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவராகவே போனார்.

அன்றைக்கு நம் கல்லிக்குள், அந்தக் குறுகலான சந்துக்குள், தீயணைப்பு வண்டி வர வழியில்லை. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதப் பெண் இருக்கிறாள் என்ற கணக்கு அரசாங்கத்திடமும் கிடையாது. அது குழாயடியில் சண்டை போட்ட பெண்கள் தலைக்குள் இருந்தது. முதலில் யாரை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று அவர்கள்தான் சொன்னார்கள். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி என்று செய்தி வந்தபோதும் இதே கதைதான். மாநகராட்சி ஆட்களோடு இங்கே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் வீடு வீடாக வந்தார்கள். எந்த வீட்டில் இருமல் கேட்கிறது என்று அவர்களுக்குக் காட்டியது பக்கத்து வீடுகள். அந்த வீட்டுக்குப் பதினான்கு நாளும் சோறு கொண்டுபோய் வாசலில் வைத்ததும் அதே பக்கத்து வீடுகள்.

நீ பிறப்பதற்கு முந்திய ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் நல்லதாகவே இருந்தது என்று உனக்குக் கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரத்தில் கலவரத்தில் 900 பேர் செத்தார்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை சொல்கிறது. தாராவியும் எரிந்தது. நம் கல்லி முனையில் தமிழரும் மராத்தியரும் முஸ்லிம்களும் சேர்ந்து ராத்திரிக் காவல் உட்கார்ந்தார்கள், உள்ளே யாரையும் விடவில்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளி, பக்கத்து வீட்டுக்காரனே எங்கள் வீட்டைக் காட்டிக்கொடுத்தான் என்று அழுத ஒரு பெண்ணையும் நான் பார்த்தேன். பக்கத்தில் குடியிருந்தால் மட்டும் போதாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பிவண்டி நமக்குத் தூரமில்லை, விசைத்தறி ஊர். 1970-லும் 1984-லும் அங்கே பெரிய கலவரம் நடந்தது. 1988-இல் சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் அதிகாரி அங்கே வந்து, பேட்டை பேட்டையாக மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் சமமாக. எதிரெதிரே உட்கார வைத்து அந்தந்த இடத்துச் சின்னச் சின்னத் தகராறுகளைப் பேசித் தீர்க்க வைத்தார். மும்பை எரிந்த அந்தக் குளிர்காலத்தில் பிவண்டி அமைதியாக இருந்தது. எனக்கு இதில் பிடித்தது, மதநல்லிணக்கம் பற்றி மேடை போட்டுப் பேசியது அல்ல, சில்லறைச் சண்டைகளைச் சூடாறுவதற்குள் நேரில் பேசித் தீர்த்த பழக்கம். கலவரத்துக்குப் பிறகு இங்கேயும் முன்னாள் போலீஸ் கமிஷனர் ஜூலியோ ரிபெய்ரோ, அப்போது போலீஸ் கமிஷனராக இருந்த சதீஷ் சாஹ்னி முதலானவர்கள் மொஹல்லா கமிட்டிகளை ஆரம்பித்தார்கள். அப்பா அந்தக் கூட்டங்களுக்கு விடாமல் போவார். போனவர்கள் எல்லோரும் நண்பர்கள் ஆகிவிடவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு ஆனார்கள். வதந்தி கிளம்பும்போது அது போதுமானதாக இருந்தது.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். "அம்மா, அந்தச் சாலில் மூச்சுவிட முடியாது. நான் எத்தனை மணிக்கு வந்தேன், யாரோடு வந்தேன், என்ன உடுத்தினேன் என்று எல்லோரும் கணக்கு வைத்திருந்தார்கள்." உண்மைதான். உன்னைப் பற்றிப் பேசியவர்களோடு நான் சண்டை போட்டதும் உனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு வீடு வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு துளிகூட வருத்தம் கிடையாது. பெண்பிள்ளைக்கு அது பெரிய விஷயம். கதவு சாத்தியே இருக்கட்டும். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யார் என்றாவது தெரிந்து வைத்துக்கொள் என்கிறேன்.

குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு தருகிற எஸ்ஆர்ஏ திட்டத்தில் கட்டிய இந்தக் கட்டிடத்துக்கு வந்தபோது எனக்கும் இதே நிலைமைதான். குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். ஆயிக்கு இரண்டாம் மாடி, நமக்கு ஏழாம் மாடி, கீழ்வீட்டு பாபிக்கு வேறு விங். தனிக் கழிப்பறை, வீட்டுக்குள்ளேயே குழாய். அதற்காக நான் தினமும் சாமியைக் கும்பிடுகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் முதல் வருஷம் முழுக்கக் காரிடாரில் மனுஷ முகம் பார்க்க முடியவில்லை. ஏழாம் மாடியில் ஒரு பெரியவர் இறந்தது, லிஃப்டில் கொண்டுபோகும்போதுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். பிறகு அதையே தினமும் செய்தேன். கொஞ்ச நாளில் எதிர்வீட்டு உத்தரப்பிரதேசத்துப் பெண் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இப்போது லிஃப்ட் நின்றுபோனால் எந்த வீட்டு முதியவருக்கு யார் பால் வாங்கி வருவது என்று எங்கள் மாடியில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

பழைய கல்லியில் இன்னும் இருக்கிறவர்கள் நிலைமை வேறு. தாராவியை இடித்துக் கட்டுகிற மறுகட்டமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கிறவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, மேல்மாடியில் இருக்கிறவர்களுக்கு வெளியே எங்கேயோ. ஒரே ஏணியில் ஏறி இறங்கின குடும்பங்கள் இப்போது காகிதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். வீடு எங்கே கிடைத்தாலும் கட்டிவிடலாம். முப்பது வருஷப் பழக்கத்தை எந்தத் திட்டத்தில் கட்டித் தருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி சத்தம் கேட்கும்போது மேலே ஏறிப் போகாதே, கோபத்தில் வார்த்தை தடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் போ. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், இரண்டு பேராகப் போனால் பஞ்சாயத்துக்கு வந்த மாதிரி இருக்கும். வெறுங்கையோடும் போகாதே, குழந்தை இருக்கிற வீடு. கீழ்வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, உன் பேரைச் சொல்லி, அவள் பேரைக் கேள். குழந்தை ஏன் அவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்று அவளே சொல்லக்கூடும். அவளுக்கு ராத்திரி ஷிப்டாக இருக்கலாம், அப்பா வருகிற வரைக்கும் குழந்தை தூங்காமல் காத்திருக்கலாம், அந்தக் குழந்தைக்கே ஏதாவது உடம்புக்கு இருக்கலாம். கேட்காமல் நமக்கு எப்படித் தெரியும்? உன் தூக்கம் கெடுவதையும் மறைக்காமல் சொல்லு. கெஞ்ச வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ஒரு பாயோ கம்பளமோ விரித்தால் பாதிச் சத்தம் குறையும், நாற்காலிக் காலுக்கு மாட்டுகிற ரப்பர் மூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

அவள் முகத்தில் அடித்தாற்போல் பேசி அனுப்பினால், சரி, அப்போது புகார் எழுது. கமிட்டிக்கு எப்படி எழுத வேண்டும் என்று நானே உனக்குச் சொல்லித் தருகிறேன், இத்தனை வருஷம் மாநகராட்சிக்கு மனு எழுதின கை இது. ஆனால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அப்பா உன் காய்ச்சல் மாத்திரைச் சீட்டைக் கேட்கச் சொன்னார், போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மேலே போய்விட்டு வந்ததும் என்னைக் கூப்பிடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா