மூட்டு கேப்சூலும் பொடி எழுத்தில் ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடலின் செல்களைக் கெடுக்கும் 'ஃப்ரீ ராடிக்கல்' என்ற மூலக்கூறுகளை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல்கள் மூட்டுத் தேய்மானத்துக்குக் கைகொடுக்கும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை குறித்து எழுதுகிறேன். நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். அந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாய் மடித்து எடுத்து வந்து, "தம்பி, இதுல போட்டிருக்கிற மாத்திரை இருக்கா?" என்று கேட்கிறார்கள். எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். கடையின் இரண்டு படி ஏறவே கதவுக் கம்பியைப் பிடித்துக்கொள்பவர்கள். விற்றால் எனக்கு நல்ல லாபம், சாதாரண வலி மாத்திரையில் கிடைப்பதைவிட அதிகம். அதனால் பொறாமையில் எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

தேய்ந்த மூட்டில் ஃப்ரீ ராடிக்கல்கள் கூடுகின்றன என்று கட்டுரையாளர் சொல்வது சரி. முதுமைக்கே அவைதான் காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956இல் சொன்ன நாளிலிருந்து, அவற்றை அடக்கிவிட்டால் போதும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. ஆன்டிஆக்சிடன்ட்களை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில்தான் சங்கதி வேறாகிவிட்டது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு வருடம் ஆன்டிஆக்சிடன்ட்டான வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். குருத்தெலும்பு தேய்வதும் நிற்கவில்லை, வலியும் குறையவில்லை.

"சத்து மாத்திரைதானே, சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும்?" என்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட்டான பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. இது 1994லேயே வெளிவந்துவிட்டது. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் அதிக அளவில் வைட்டமின் ஈ எடுத்தால் ரத்தக் கசிவு வரலாம். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மூட்டுவலியை ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் உடலில் நன்றாக ஏற மிளகுச் சத்தையும் சேர்த்துச் செறிவாக்கிய கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ரசத்தில் போடும் சிட்டிகை மஞ்சள் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று. உடற்பயிற்சியின்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்களும் தசைக்கு 'வலுவாகு' என்று தகவல் சொல்கின்றன. நார்வேயில் முதியவர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் வைட்டமின் சி, ஈ இரண்டையும் நிறையக் கொடுத்தார்கள். அவர்களுக்குத்தான் தசை குறைவாகக் கூடியது! முட்டியைத் தாங்குவதே தொடைத் தசைதான். அதை நன்றாக வளரவிடாத மாத்திரையை முட்டிக்கென்று வாங்குவதை என்னவென்று சொல்ல?

பயிற்சிக்கோ ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரிடம் நடந்த 'லைஃப்' ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. முறையாக நடைப்பயிற்சியும் கால் பயிற்சியும் செய்தவர்களில், 400 மீட்டர் நடக்க முடியாத நிலைக்குப் போனவர்கள் குறைவு. ஆனால் நடைக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

இந்த கேப்சூல் பெட்டிகளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அது ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில் இருக்கிறது. இனி இப்படிக் கட்டுரை போட்டால் அந்த வரியைத் தமிழில் பெரிதாகப் போடுங்கள். அப்புறம், நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சியைப் படத்தோடு வெளியிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது என்பதும் என் கடைக்கு வரும் பலருக்குத் தெரியவில்லை. அதற்கு யாரை அணுக வேண்டும் என்ற விவரத்தையும் கூடவே போட்டால், கிழித்து எடுத்து வருபவர்களை நானே அங்கே அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
மன்னார்குடி.