பேட்டரி போனால் வண்டியே போயிற்றா?

அன்பு நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரன் நடக்கத் தொடங்கிவிட்ட செய்தியை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மீதிக் கடிதம் முழுவதையும், பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் உன் ஹைப்ரிட் காருக்கே ஒதுக்கியிருந்தாய். உன் கவலை எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே நானும் வேறு பேச்சுக்குப் போகாமல் அதற்கே பதில் எழுதுகிறேன்.

மின்மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி போய்விட்டது, புதிது போடும் செலவு வண்டியின் இன்றைய விலையையே எட்டிவிடும், ஆகவே வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறாய். முதல் பகுதி உண்மையாக இருக்கலாம். ஆனால் அதிலிருந்து கடைசிப் பகுதிக்கு அவர் தாவியதுதான் எனக்கு ஒப்பவில்லை. விற்றால் என்ன கிடைக்கும் என்பது விற்கப்போகிறவன் போடவேண்டிய கணக்கு. ஓட்டப்போகிறவன் போடவேண்டிய கணக்கு வேறு: இந்தப் பணத்தைப் போட்டால் வண்டி இன்னும் எத்தனை ஆண்டு ஓடும், அதே ஆண்டுகளை வேறொரு வண்டியில் ஓட்டுவதற்கு எவ்வளவு ஆகும்? அந்த வேறொரு வண்டி பழையது என்றால், அதை வைத்திருந்தவர் ஆயிலை ஒழுங்காக மாற்றினாரா என்பதுகூட உனக்குத் தெரியப்போவதில்லை. உன் வண்டியின் வரலாறோ நீ சேர்த்து வைத்திருக்கும் பில் கட்டில் முழுமையாக இருக்கிறது. புதியது என்றால், முதல் சில ஆண்டுகளில் மதிப்பு குறைவதால் மட்டுமே நீ இழக்கும் தொகை பெரும்பாலும் ஒரு பேட்டரியின் விலையைத் தாண்டிவிடும். சென்ற ஆண்டு ஷாக் அப்சார்பருக்கும் டயர்களுக்கும் செலவழித்ததை நினைத்து மனம் ஆறவில்லை என்கிறாய். போன பணம் போனதுதான், அதற்காக வண்டியை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த டயர்கள் இன்னும் ஓடும் என்பது மட்டும் கணக்கில் வரட்டும்.

இனி பேட்டரிக்கு வருகிறேன். 1997-இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்ததிலிருந்து நெடுங்காலம் இத்தகைய கார்களில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைப் பேட்டரிகளே பெரும்பாலும் இருந்தன, உன்னுடையதும் அவ்வகைதான். பிரியஸின் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்கொண்டால், மாட்யூல் எனப்படும் சிறு பெட்டிக்கு 6 செல்களாக 28 மாட்யூல்கள் தொடர்வரிசையில் இணைக்கப்பட்டிருக்கின்றன. செல்லுக்கு 1.2 வோல்ட் வீதம் 168 செல்களிலிருந்து 201.6 வோல்ட் கிடைக்கிறது. காரின் கணினி இந்த மாட்யூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 இணைகளாகக் கண்காணிக்கிறது. ஒரே ஒரு செல் செத்தாலும் அந்த இணையின் மின்னழுத்தம் 1.2 வோல்ட் இறங்கிவிடுவதால், மற்ற செல்கள் திடமாக இருந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. மெக்கானிக் சீட்டில் எழுதிக் கொடுத்த பி0ஏ80 என்ற பிழைக்குறிக்கு ‘ஹைப்ரிட் பேட்டரித் தொகுப்பை மாற்றுக’ என்பதுதான் பொருள். எந்த இணை விழுந்தது, ஏன் விழுந்தது என்பதை அந்தக் குறி சொல்வதில்லை. அதனால்தான் அந்த ஒரு சீட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

கெட்டுப்போன மாட்யூலை மட்டும் குறைந்த செலவில் மாற்றித் தருவதாக இன்னொருவர் சொன்னாரே, அதற்கு நீ இணங்கக்கூடாது என்பது என் திடமான கருத்து. தொடர்வரிசையில் எல்லா மாட்யூல்களிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே கொள்ளளவு குறைந்தது எதுவோ அதுதான் முதலில் நிரம்பும், முதலில் காலியாகும், முதலில் சூடேறும். இன்று ஒன்றை மாற்றினால், அதே வயதுடைய அடுத்த நலிந்த மாட்யூல் வரும் வெயில் காலத்தில் விழும். ஒட்டுப்போட்ட வேட்டியில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே கிழிவதைப் போன்றதுதான் இது. விற்பதற்கு முன் சில மாதங்கள் ஓட்டினால் போதும் என்பவருக்கு அது சரியாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஓட்ட நினைக்கும் உனக்கு, போட்டால் உத்தரவாதத்துடன் கூடிய புதிய முழுத் தொகுப்பு, இல்லையேல் வேண்டாம்.

அதற்கும் முன்னால், செலவில்லாத சில சோதனைகளை முடித்துவிடு. மற்ற எல்லாக் கார்களிலும் இருப்பதைப் போன்ற 12 வோல்ட் பேட்டரி இதிலும் தனியாக இருக்கிறது. அது தளர்ந்தால் சம்பந்தமில்லாத விளக்குகளெல்லாம் டேஷ்போர்டில் எரியும். மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சை பூத்திருந்தாலும் மின்னழுத்த அளவீடு தவறாக வரும். கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்த அளவிலேயே சரியான வண்டிகள் உண்டு. பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறியையும் பார். என் வண்டியில் பின் இருக்கையின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துவாரத்தின் மூடியைக் கழற்றியபோது, விசிறியின் இதழ்களுக்கு இடையே தூசியும் நாயின் முடியும் சேர்ந்து, விரலால் உரித்தெடுக்கும் அளவுக்குக் கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தன. அந்த நிலையில் காற்று எங்கே போகும்? இவ்வகைப் பேட்டரிக்குச் சூடே முதல் எதிரி. நீயே பேட்டரியைத் திறந்து பார்க்க ஆசைப்படுவாய் என்பது எனக்குத் தெரியும், விசிறியோடு நிறுத்திக்கொள். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற ஒயர்கள் ஓடும் பக்கம் கை வைக்காதே. பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும், பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், பழகியவர்களே காப்புக் கையுறை அணிந்து, காத்திருந்துதான் தொடுகிறார்கள்.

உண்மையில் உன் முடிவு பேட்டரியைவிட என்ஜினையும் அடிப்பாகத்தையும் பொறுத்தது. பேட்டரி விலை அதிகமானாலும் டயரைப் போலக் காலத்தில் மாற்ற வேண்டிய பொருள்தான். அதை மாற்றினால் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். என்ஜின் அப்படியன்று. காலையில் முதன்முறை என்ஜின் எழும்போது வண்டி கடகடவென்று உதறுகிறதா, எங்கும் ஒழுகாமலேயே கூலன்ட் குறைகிறதா என்று கவனி. சில ஹைப்ரிட் என்ஜின்களில் புகையை மறுசுழற்சி செய்யும் ஈ.ஜி.ஆர். பாதையில் கரி அடைத்து, நாளடைவில் என்ஜினின் மேல்பாகத்துக்குக் கீழே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விடுகிறது. அதன் அறிகுறிகள் இவைதாம். இரண்டும் இருந்தால் பேட்டரிக்குப் பணம் கட்டாதே, விற்றுவிடு. வண்டியைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடங்களையும் அடிச்சட்டமான சப்ஃபிரேமையும் பார்க்கச் சொல். அங்கே துரு தின்றிருந்தாலும் என் பதில் இதுவே.

மற்றபடி பிரியஸ் போன்ற இவ்வகை வண்டியில் கெட்டுப்போகக்கூடியவை குறைவு. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, கியர்பெட்டி, நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் சுழலும் ஒரு கோள்பற்சக்கர அமைப்புதான். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மின்மோட்டாரே ஏற்றுக்கொள்வதால் பிரேக் பேடுகளும் வெகுகாலம் உழைக்கின்றன. விலையுயர்ந்த விதிவிலக்கு, பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் பிரேக் ஆக்சுவேட்டர். பிரேக்கை மிதிக்காதபோதும் அதன் பம்பு அடிக்கடி ஓடும் சத்தம் கேட்டால் எனக்கு எழுது. இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் சிறு பம்பு மலிவானது. ஆனால் அது நின்றதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்வெர்ட்டரையே இழக்க நேரும். இன்னொன்று: ஏ.சி. கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால் அதற்கு மின்கடத்தாத தனி ஆயில் தேவை. சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றிவிடாதபடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

ஓய்வுக்குப் பிறகு வண்டியை எடுப்பதே குறைந்துவிட்டது என்கிறாய். நிக்கல் பேட்டரி சும்மா இருந்தாலும் தானாகவே மின்சாரத்தை இழக்கும். மாதக்கணக்கில் நிறுத்தினால் செல்கள் ஒன்றுக்கொன்று சமநிலை தவறிவிடும். ஆகவே புதிது போட்டால் அடிக்கடி கொஞ்ச தூரமாவது ஓட்ட வேண்டும். அது உன்னால் ஆகாது என்றால், குறைவாக ஓடும் வண்டியில் மிச்சமாகும் பெட்ரோலும் குறைவே என்பதால், சிறிய சாதாரணக் கார் ஒன்றே உனக்குப் போதும் என்றுகூட நான் சொல்வேன்.

இணை வாரியான மின்னழுத்தங்களை வண்டியை ஓட்டியபடியே அளந்து எழுதித் தரச் சொல். நிறுத்தி வைத்து அளந்தால் நலிந்த மாட்யூலும் நன்றாகவே காட்டும். அந்தத் தாளை எனக்கு அனுப்பு. புதிய தொகுப்பு வாங்குவதென்று முடிவானால், பழையதைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்காமல் முன்பணம் கட்டிவிடாதே. மறுசுழற்சிக்காக அதை எடுத்துக்கொள்பவர்கள் பலர், நாமாகக் கேட்டால்தான் கழித்துக் கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்