மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர்: மாலை வகுப்பு ஒருங்கிணைப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மாலை வகுப்புகளை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிற தன்னார்வலர்கள் நாங்கள். கேட்பது ஒன்றுதான். அன்றன்று வருகிறவரை, சும்மா இருக்கிற ஏதோ ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைப்பதை நிறுத்துங்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பிரித்து, பருவம் முடியும்வரை அந்த மூவரையும் அவரிடமே விடுங்கள்.

ஒரு கழித்தல் கணக்கைப் பாருங்கள். 52−27. பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. புதிதாக வந்தவர் அதைச் சுழித்துவிட்டு, கடன் வாங்கிக் காட்டுவார். பிள்ளையும் அதைப் பார்த்து அடுத்த கணக்கைச் சரியாகப் போட்டுவிடும். அடுத்த வாரம் வேறொருவர். மறுபடி அதே 35. இது கவனக்குறைவே அல்ல. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று முன்பு பதிந்த விதியை இடத்துக்கு இடம் ஒழுங்காகப் பின்பற்றுகிறது: 7−2, 5−2. ஒரே நோட்டை நாலு நாள் தொடர்ந்து பார்க்கிறவருக்குத்தான் இது பிடிபடும்.

பிடிபட்டபின் வழி எளிது. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு வையுங்கள். "இதிலிருந்து 27 எடுத்துக் கொடு" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். உதிரி போதாமல் பிள்ளை தானே ஒரு கட்டைப் பிரிக்கும். இப்போது உதிரி 12. அதில் 7 போக 5. மீதி நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. 25. அப்புறம்தான் தாளும் பென்சிலும். பத்துக் கணக்கு கொடுத்தால், 58−23 போலக் கடன் தேவைப்படாதவை குறைந்தது நான்கு கலந்திருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லாக் கணக்கிலும் கடன் வாங்கத் தொடங்கிவிடும். 402−156 போல நடுவில் பூஜ்யம் வருவதை முதல் வாரத்தில் தொடவே வேண்டாம்.

வாசிப்பிலும் இதே கதைதான். நூறு சொல் கொண்ட பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் பத்தி கடினம். வகுப்பு எதுவானாலும் கீழே இறங்கித்தான் தொடங்க வேண்டும். தடுக்கும் இடத்தையும் குறிக்க வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்புகிற பிள்ளைக்கும், 'பழகினான்' என்பதை முதல் எழுத்தைப் பார்த்தே 'பழம்' என்று ஊகிக்கிற பிள்ளைக்கும் பயிற்சி வேறு வேறு.

புதியவர்களை முதல் இரண்டு நாள் பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கக் கூடாது. "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது, பதில் எப்போதும் "ம்" தான், "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்கலாம். கேட்டபின் காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளுகின்றன என்றும் காட்டினார். மூன்று விநாடி, செய்து பார்த்தால் மிக நீளம்!

ஒரு மணி நேரத்தில் வீட்டுப்பாடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். விட்டால் அது முழு நேரத்தையும் விழுங்கிவிடும். நோட்டு நிறையும், 35 அப்படியே இருக்கும். வந்தவுடன் பத்து நிமிடம் ஓடி விளையாடட்டும். கடைசி ஐந்து நிமிடம் எங்களுக்கு வேண்டும், பிள்ளைக்கொரு நோட்டில் மூன்று வரி எழுத: என்ன செய்தோம், எங்கே தடுக்கியது, நாளை எங்கிருந்து. "கழித்தல் பார்த்தோம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "மேல் இலக்கம் சிறியதானால் தலைகீழாகக் கழிக்கிறாள், குச்சியில் சரி, தாளில் இன்னும் இல்லை" என்று இருந்தால், ஒருவர் வராத நாளில் மாற்று ஆள் அங்கிருந்தே தொடரலாம்.

பாதுகாப்பில் தளர்வே கூடாது. பின்னணி சரிபார்க்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் பட வேண்டும், பிள்ளையோடு தனியாகப் போன் தொடர்பு கூடாது.

வாரம் ஐந்து நாள் வருகிறேன் என்று சொல்லி ஒரு மாதத்தில் நின்றுவிடுகிறவரைவிட, வாரம் இரண்டு நாள் பருவம் முழுக்க வருகிறவரைச் சேருங்கள். அடுத்த பருவத்துக்குப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று பிள்ளைகளின் பெயரையும் ஒரு மாற்று ஆளின் பெயரையும் எழுதி, முதல் நாளன்றே எங்கள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்புத் தன்னார்வலர்கள்