பட்டினி கிடந்த தவளை

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய். இப்போது படி ஏறுகிறாயா? என் தாமதத்துக்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். வீட்டில் ஒரு நோயாளி. தவளை.

மகள் பிரிஸ்பனுக்குப் படிக்கப் போனபோது என்னிடம் விட்டுப் போன பச்சை மரத்தவளைதான். இதற்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அவள் தவளையின் ஊருக்குப் போய்விட்டாள், தவளை சிங்கப்பூரில் என் செங்காங் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து வருஷம்கூட இருக்குமாம். எனக்கு முன்னால் அது போகுமா என்பதே சந்தேகம்.

போன மாதம் திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டது. இரவு சுவர்க்கோழிப் பூச்சிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டால், காலையில் எல்லாம் அப்படியே திரிகின்றன. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 52 கிராம் இருந்தது 43 ஆகிவிட்டது.

முதலில் ஏர்கான்மேல் பழி போட்டேன். தவளைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், குளிரில் வயிறு வேலை செய்யாது. பெட்டியை ஹாலுக்கு மாற்றினேன். பலனில்லை. அப்புறம் தண்ணீர். தவளை வாயால் குடிப்பதில்லை, வயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. நான் மீன் வளர்த்த பழக்கத்தில் குழாய்த் தண்ணீரை ஓரிரவு வாளியில் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். குளோரின் அப்படிப் போய்விடும். ஆனால் இங்கே குழாயில் வருவது குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின், அது சுலபத்தில் போகாது. வளர்ப்பு மீன் கடையில் அதை முறிக்கும் சொட்டு மருந்து வாங்கிக் கலந்தேன். அதற்கும் அசையவில்லை. பூச்சியோடு கூழாங்கல்லை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டதோ என்று கற்களையும் அள்ளிப் போட்டேன்.

கடைசியில் மருத்துவமனை. இரண்டு இடங்களில் தவளை பார்ப்பதில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் மருத்துவர், கையுறையை நனைத்துக்கொண்டு தூக்கினார். தொடை சிவந்திருக்கிறதா, தோல் அளவுக்கு மீறி உரிகிறதா, தாடை ரப்பர் மாதிரி வளைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிருமி, பூஞ்சை, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, இந்த மூன்றுக்கும் அவைதான் அடையாளமாம். எதுவுமில்லை. புழு இருக்கிறதா என்று சாணத்தையும் வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “சாப்பிட மாட்டேன் என்கிறதா, சாப்பிட முடியவில்லையா?” என்று கேட்டார்.

மணி, மூன்று வாரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் பூச்சியை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். அன்று இரவு விளக்கை மங்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூச்சியைக் கண்டதும் திரும்பியது, குறி பார்த்தது, நாக்கை வீசியது. நாக்கு வெறுமனே திரும்பி வந்தது. மறுபடி வீசியது. மறுபடியும் ஒன்றுமில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்தோமே, இது வாய் கெட்டுப் பட்டினி கிடந்திருக்கிறது.

அதைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினேன். வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அது குறைந்தால் நாக்கின் பசை போய்விடுமாம், பூச்சி ஒட்டாது. நான் பெருமையாகப் பூச்சிகளுக்குக் கேரட் போட்டு வளர்த்தவன்! பல தவளைகளால் கேரட்டின் சத்தை வைட்டமின் ஏ-வாகச் சரிவர மாற்றிக்கொள்ள முடியாதாம். உறுதியாகச் சொல்லும் சோதனையை இதன் உடம்பு தாங்காது, மருந்து கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அளவு மிஞ்சினால் அதுவும் விஷம். அதனால் வாரம் ஒரு முறை அவரே கொடுக்கிறார். நான் இடுக்கியால் பூச்சியை வாயருகே நீட்டி ஊட்டுகிறேன். என் பிள்ளைக்குக்கூட இப்படி ஊட்டியதில்லை என்கிறாள் மனைவி.

நாம் செம்பவாங் கால்வாயில் தவளைகளைப் பிடித்து பிஸ்கட் டின்னில் அடைத்து வைத்தோமே, அவை எதையாவது தின்றனவா என்று ஒருநாளாவது பார்த்தோமா?

நேற்று 46 கிராம். நாலாவது வீச்சில் ஒரு பூச்சியைத் தானாகவே பிடித்தது. இரவு ஒரு மணி, மனைவியை எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தீபாவளிக்கு ஜோகூரிலிருந்து வருவாய்தானே? அறையில் ஏர்கான் போட்டுக்கொள்ளலாம், பெட்டி ஹாலில்தான் இருக்கிறது.

அன்புடன்,
ரவி